டைம் ஆபீஸுக்குத் தெரிந்தது தலைமைக்குத் தெரியட்டும்

ஆடி மாத உத்திராட நட்சத்திரத்தன்று சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. தென்காசி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஆனால் அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். தனியார் நிறுவனங்களுக்கு 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும் அதில் கட்டாயம். மேற்கொண்டு ஐந்து பண்டிகை நாள்களை, நிர்வாகத்தோடும் தொழிலாளரோடும் கலந்தாலோசித்து அச்சட்டத்தின் ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். சென்னைத் தலைமையகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பட்டியலை அனுப்பினால், அதில் ஆடித்தபசு இருக்காது. அன்று ஆள் வராது. வராதவருக்குச் சம்பளப் பிடித்தம், மறுநாள் மெமோ, அதற்கு ஒரு விளக்கக் கடிதம் என்று வேலை நீளும். இது இப்படித்தான் முடியும் என்பது டைம் ஆபீஸில் வருகைப் பதிவைப் பார்க்கும் உள்ளூர் எழுத்தருக்கு முன்பே தெரியும். அவரும் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர்தான். ஆனால் பட்டியல் போடும்போது அவரை யாரும் கேட்பதில்லை.

தொழிலாளர் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மற்றத் துறைகளுக்குப் பாடம் எடுக்கும் மனிதவளத் துறையினராகிய நாம், நம் பிரிவுக்குள் அதைச் செய்வதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நம் துறையின் மூத்த ஆய்வுகளில் ஒன்றே இதற்குச் சான்று. அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் நேர்காணல் நடந்தது. தொடக்கத்தில் கேள்விகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. தொழிலாளர்களோ அந்தக் கேள்விகளை விட்டுவிட்டுத் தங்கள் மனத்தில் இருந்ததையே பேசினார்கள். எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் இதைக் கவனித்துச் சொன்னதால் முறையே மாறியது: பேச விடு, குறுக்கிடாதே. மேலாண்மை ஆய்வாளர் எல்டன் மேயோவின் பெயரோடு இன்று நாம் படிக்கும் அந்த முறைக்கு, நேர்காணல் செய்தவர்களின் அனுபவமும் ஓர் அடிப்படை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, திண்டுக்கல்லே போதும். அங்குள்ள ஆடை ஆலையின் பெண் தொழிலாளி ஒருவர் 2021இல் கொலையுண்ட பின், ஆடைத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி தொழிலாளரிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆண்டில் 185 புகார்கள் எழுந்தன, 182 தீர்ந்தன. ஆலைக்குள் புகார்ப் பெட்டி தொங்குவது புதிதல்ல. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்ததை நிர்வாகம் அதிகாரபூர்வமாக ஏற்றதுதான் புதிது. நம் பக்கத்திலேயே பார்த்தால், சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களில் பெரும்பாலும் மனிதவளப் பிரிவு என்ற பெயரே கிடையாது. முன்பணம், கூலிக் கணக்கு, வராத ஆளுக்கு மாற்றாள் எல்லாம் கணக்குப்பிள்ளையின் பொறுப்பு. யாருக்கு எந்த வாரம் பணமுடை, யார் எதனால் வேறு தறிக்குப் போனார் என்பது அவருக்கு அத்துப்படி. பெரிய நிறுவனங்களில் இந்த அறிவு பல மேசைகளில் சிதறிக் கிடக்கிறது. மனிதவளப் பிரிவின் தலைவர் கேட்டால்தான் அது ஒன்றுசேரும்.

உள்ளூர் ஊழியர் தம் ஊர்க்காரருக்கும் சாதிக்காரருக்கும் சாய்வார், அவர் சொல்லை நம்பலாமா என்று ஒரு மறுப்பு எழும். நம் பகுதியில் இதைப் புறந்தள்ள முடியாது. சாய்வு வெளியூர் மேலாளருக்கும் உண்டு என்று சொல்லித் தப்பிப்பதும் சரியாகாது. உள்ளூர் ஊழியர் சொன்னதை வருகைப் பதிவோடும், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கோடும், இன்னொரு ஷிப்டு ஊழியர் சொல்வதோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரிபார்த்துச் சேர்ப்பதுதான் தலைவரின் வேலை, சந்தேகப்பட்டு ஒதுக்குவது அல்ல. ஆளாளுக்கு யோசனை சொன்னால் பொறுப்பு யாருடையது என்பது இரண்டாவது மறுப்பு. முடிவும் அதன் பழியும் தலைவருடையவைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் கேட்ட யோசனையை ஏற்றாலும் மறுத்தாலும் அதன் காரணத்தை யோசனை தந்தவரிடமே சொல்லிவிட வேண்டும். பதில் வராத இடத்தில் மறுமுறை யாரும் வாய் திறப்பதில்லை. ரகசியம் காக்க வேண்டிய விஷயங்கள் உண்டு என்பது உண்மை. ஒருவருடைய சம்பளமும் மருத்துவ விவரமும் அவ்வகை. விடுமுறையும் ஷிப்டு மாற்றமும் அவ்வகை அல்ல.

யோசனை தந்தவரின் பெயரை விதி மாற்றக் கோப்பிலேயே எழுதுங்கள். அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் அதைக் கணக்கில் எடுங்கள். உங்கள் பிரிவின் கடைநிலை ஊழியர் சொல்லி நீங்கள் மாற்றிய விதி எது என்பதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வரும் இதழ்களில் வெளியிடுவோம்.