கட்டளைப் பத்திரத்தோடு கைப்பொருளும் வேண்டும்

கணவனின் அடி உதை தாங்காது பொலிஸ் நிலையப் படியேறும் பெண், சில நாட்களிலேயே முறைப்பாட்டை மீளப்பெற்றுக்கொண்டு வீடு திரும்பிவிடுவது எமது கரையோர ஊர்களுக்குப் புதிதன்று. 'சமாதானமாகிவிட்டார்கள்' என்று ஊர் சொல்லும். பிள்ளையின் பால்மாவுக்கும் பாடசாலைச் செலவுக்கும் வழியில்லாமைக்கே பல வேளைகளில் சமாதானம் என்று பெயர்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் துணையுடன் வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர் அத்துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஒரு தடவையேனும் ஆளாகியுள்ளனர். ஐவரில் ஒருவர். கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் இதற்கு விலக்கென்று எண்ண நியாயமில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். தாபரிக்கும் கடப்பாடுள்ள கணவன் அவசர பண உதவி வழங்க வேண்டுமென்றும் பணிக்கலாம். முஸ்லிம்களுக்குத் தனியான விவாகச் சட்டம் இருப்பதால் இது தமக்குரியதன்று என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அது முற்றிலும் தவறு. இச்சட்டம் எந்தச் சமூகத்தையும் விலக்கவில்லை.

தாபரிப்புப் பணம், மஹர், மணமகளின் பொருட்டு மாப்பிள்ளையிடம் கொடுக்கப்பட்ட கைக்கூலி ஆகியவற்றைக் கோருவதற்கு அவள் காதி நீதிமன்றத்தையே நாட வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அங்கு சட்டத்தரணி தோன்ற முடியாது. காதியாராக ஆண்களே நியமனம் பெறுகின்றனர். அடிபட்ட பெண், அடித்தவனுக்கு முன்னால் நின்று தன் வழக்கைத் தானே பேச வேண்டும். தீர்ப்புக் கிடைத்தும் பணம் வராவிடில், அதனை அறவிட நீதிவான் நீதிமன்றம் வரை செல்ல வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் இழப்பாகின்றன. இக்குறைபாடுகளை ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு அறிக்கையைக் கையளித்தது 2018இலேயே என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது.

வீட்டின் கதை வேறு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைப்பது கிழக்கில் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் ஊறிய வழக்கம். சீதனம் பெற்றோரைக் கடனாளியாக்குகிறது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. எனினும் வீட்டுறுதி பெண்ணின் பெயரில் இருக்குமாயின், சண்டை முற்றும்போது வெளியேற வேண்டியவன் கணவனே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் வழங்கப்பட்ட வீடுகள் பலவற்றில் 'குடும்பத் தலைவர்' என்ற சொல்லால் உரித்து ஆணின் கைக்கு மாறிற்று. பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்த பிடிமானம் ஒரு படிவத்தின் கூட்டில் போயிற்று.

இந்நிலையில், உதவி என்றதும் தையல் இயந்திரம் வழங்கும் வைபவமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. (புகைப்படத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.) ஒரே ஒழுங்கையில் பத்து இயந்திரங்கள் ஓடினால் தைக்கக் கொடுப்பவர் யார்? மருதமுனைக் கைத்தறிக்கு நாடறிந்த பெயர் உண்டு. அங்கும் நூலைக் கடனுக்கு வாங்கி, நெய்ததை முதலாளி சொன்ன விலைக்குக் கொடுப்பவளுக்கு மிஞ்சுவது சொற்பம். அவளுக்கு வேண்டியது நூல் வாங்க முதலும், தன் பெயரிலான வங்கிக் கணக்கும், விற்க ஓரிடமுமாகும். வாராந்த நுண்கடன் அம்முதலாகாது. அக்கடன்களால் கிராமப்புறப் பெண்கள் பட்ட பாட்டினாலேயே 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

கடனல்லாத முதல் நம்மூரிலேயே இருக்கிறது. ஸக்காத் பெறத் தகுதியுடையோராகத் திருக்குர்ஆன் குறிப்பிடும் எட்டுப் பிரிவினருள் ஏழைகளும் கடன்பட்டோரும் அடங்குவர். பள்ளிவாசல்களும் ஸக்காத் குழுக்களும் பட்டியல் தயாரிக்கையில் விதவை உடனே நினைவுக்கு வருகிறாள். கணவன் உயிரோடிருக்க, பஸஹ் வழக்கு முடியாமல் தாய்வீட்டு மூலையில் பிள்ளைகளுடன் ஒதுங்கியிருப்பவள் எளிதில் விடுபட்டுப் போகிறாள். தவணை முறையில் அரிசியும் சேலையுமாகக் கொடுப்பதைவிட, ஒரு பெண்ணுக்கு ஒரே தடவையில் தொழில் முதலாகக் கொடுப்பதை இக்குழுக்கள் பரிசீலிக்க வேண்டும். அவளது பெயரைப் பகிரங்கப்படுத்தாமல் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரோடு கலந்து பட்டியலில் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.