பதம் வந்ததும் இறக்கு

கிறிஸ்துவில் அன்புக்குரிய உறவுகளே,



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் மண்டபத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. கிறிஸ்து பிறப்பு விழா விருந்துக்கு மிகப் பழைய முறைப்படி அப்பிள் தார்த் சுடப்போவதாக இளையோர் அறிவித்தனர். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, “எங்கட பலகாரம் இருக்க இது என்னத்துக்கு, சுவாமி?” என்று கேட்டார். பலர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அவருடைய கேள்விக்குள் உண்மையான அச்சம் ஒன்று இருந்தது. அதற்குரிய மதிப்போடு இன்று எழுதுகிறேன்.

இளையோர் தேர்ந்த செய்முறை, தையவான் என்று அழைக்கப்பட்ட கியோம் திரேலின் பெயரால் வழங்கும் ‘வியாந்தியே’ என்னும் சமையல் நூலில் உள்ளது. அவர் ஐந்தாம் சார்ல்ஸ், ஆறாம் சார்ல்ஸ் ஆகிய பிரெஞ்சு மன்னர்களின் சமையலாளர், 1395இல் மறைந்தவர். அவருக்குப் பின், 15ஆம் நூற்றாண்டில் அச்சேறிய பதிப்பில் இந்த அப்பிள் தார்த் இடம்பெற்றுள்ளது. அப்பிளை நறுக்கி, அத்திப்பழமும் முந்திரிகை வற்றலும் சேர்த்து, வெண்ணெயிலோ எண்ணெயிலோ பொரித்த வெங்காயத்தையும் வைனையும் கலந்து, குங்குமப்பூ, கறுவா, இஞ்சி முதலியவற்றால் மணமூட்டி, தட்டிய மா இரண்டுக்கு நடுவே வைத்து மூடிச் சுட வேண்டும். சீனி இல்லை. அளவு இல்லை. எவ்வளவு நேரம் சுடுவது என்பதும் இல்லை. வாசனைப் பொருள்களை அடுக்கி முடிக்கும் இடத்தில், உள்ளவர்கள் சேர்க்கட்டும் என்ற கருத்தில் ஒரு சிறு சலுகை மட்டும் உண்டு.

அந்தக் கறுவாவைக் குறித்துச் சற்று எண்ணிப் பாருங்கள். தையவான் வாழ்ந்த அதே காலத்தில், 1344இல், இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். புத்தளக் கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், அவற்றைத் தமிழகக் கரையினரும் மலையாளக் கரையினரும் ஏற்றிச் சென்றதையும் எழுதிவைத்தார். நம் கடல்களின் வாசனைப் பொருள்கள் அரபு வணிகரின் கைமாறி, எகிப்தைக் கடந்து, வெனிசு வணிகர் வழியாக ஐரோப்பியச் சமையலறைகளை அடைந்த காலம் அது. நாம் ஏதிலிகளாக இந்நகரில் வந்து இறங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே நம் கடலின் மணம் இங்கே வந்துவிட்டது. ஆகவே, தார்த் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி, நடந்ததைக் கூறுகிறேன். முதல் சனிக்கிழமை இளையோர் செய்முறையைத் தொலைபேசியில் திறந்துவைத்துக்கொண்டு சுட்டார்கள். மேல்மா கருகியது, உள்ளே அப்பிள் வேகவில்லை. அடுத்த சனிக்கிழமை, கேள்வி கேட்ட அந்த அம்மாவையே நான் சமையலறைக்கு அழைத்தேன். சேர்மானங்களைப் பார்த்த உடனே, “இது புரியாணிச் சாமான் எல்லோ!” என்றார். பின்பு மாவைத் தொட்டுப் பார்த்தார். நீர் போதாது என்றார். அப்பிள் துண்டைக் கிள்ளிப் பார்த்தார். இன்னும் சிறிதாக நறுக்கச் சொன்னார். மணம் மாறியபோது போறணையைத் திறக்கச் சொன்னார். தம் வாழ்நாளில் ஒரு தார்த்தும் சுட்டறியாத அவர் கையில் அது பொன்னிறமாக வெளிவந்தது.

அந்தப் பழைய நூல் ஏன் அளவைச் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கியது. சமையலறையில் ஏற்கெனவே ஒருவர் அருகில் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது அது.

என் தாயின் கடிதம் ஒன்று என்னிடம் உள்ளது. நான் கேட்டதற்காகத் தொதல் கிண்டும் முறையை எழுதி அனுப்பியிருந்தார். அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை எல்லாம் ஒழுங்காக உள்ளன. கடைசி வரி, பதம் வந்ததும் இறக்கு என்பது. எது பதம்? சிறுவனாக அந்தத் தாச்சியின் அருகே நின்றிருந்தால் அறிந்திருப்பேன். படிக்கப் போ என்று அனுப்பினார். நானும் மகிழ்ச்சியாக ஓடினேன். இன்று கேட்பதற்கு அவர் இல்லை. கடிதம் இருக்கிறது, தொதல் இல்லை.

அம்மா, உங்கள் அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பலகாரத்தைத் தார்த் அழிக்காது. பிள்ளைகளைப் படிப்பறைக்கு அனுப்பிவிட்டு நாம் தனியே சமைப்பதே அதை அழிக்கும். ஃபோபூர் சென் தெனி வீதியில் இன்று எதையும் பொதியாக வாங்கலாம். அது பெரிய வசதிதான். எல்லாம் கடையில் கிடைக்கும் இடத்தில் எதையும் கற்கத் தேவையில்லை என்பதே அதன் ஆபத்து.

தந்தையரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்களில் பலர் இந்நகரின் உணவகச் சமையலறைகளில் உழைக்கிறீர்கள். வாரம் முழுவதும் பிறருக்காகத் தார்த் சுடும் உங்கள் கைத்திறனை உங்கள் பிள்ளைகள் ஒரு நாளாவது கண்டதுண்டா? அதுவும் நம் குடும்பங்களின் சொத்தே.

திமொத்தேயுவின் நம்பிக்கையைப் பற்றி எழுதும்போது புனித பவுல், அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். நம்பிக்கையும் அப்படித்தான் கைமாறுகிறது. மறைக்கல்வி நூல் வேண்டும். அருகில் நின்று செபிக்கும் ஒருவரும் வேண்டும்.

“வேலையால் வந்து நிற்கவே ஏலாது, சுவாமி, நேரம் எங்கே?” என்று கேட்பீர்கள். உங்கள் களைப்பை நான் அறிவேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சீனி இல்லாத வீடுகளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த தலைமுறை நீங்கள். உள்ளதைக் கொண்டு செய்வது எப்படி என்று உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நேரத்திலும் அவ்வாறே செய்யுங்கள். திருவருகைக்காலத்தில் ஒரேயொரு சனிக்கிழமை, ஒரேயொரு பண்டம் போதும்.

ஆகவே, விழா விருந்துக்கு என் முடிவு இது: தார்த்தும் வரட்டும், தொதலும் வரட்டும். நிபந்தனை ஒன்றே. மேசைக்கு வரும் எந்தப் பண்டமும் இரண்டு தலைமுறையின் கைபட்டதாக இருக்க வேண்டும். கருகினாலும் கொண்டு வாருங்கள். முதல் துண்டை நான் உண்பேன். பிள்ளையிடம் அகப்பையைக் கொடுங்கள். பதம் வரும்போது, இதுதான் பதம் என்று காட்டிக் கொடுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குப்பணியாளன்