காரை பெயர்ந்த சுவரும் கட்டுரைக் கண்ணீரும்

திண்ணையைப் பற்றி ஒரு வரியேனும் உருகி எழுதாதவர் நம் இலக்கிய வட்டத்தில் அரிது. முற்றத்தில் விழுந்த மழை, ரேழியின் இருட்டு, கூடத்து ஊஞ்சலின் கிறீச்சொலி, கொல்லைக் கிணற்றின் உருளை என்று நமக்கென ஒரு சொற்பட்டியலே இருக்கிறது. பழைய வீடொன்று இடிபட்ட செய்தி வந்தால் போதும், அந்தப் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு கண்ணீர் வடிக்கத் தொடங்கிவிடுகிறோம். இடித்தவர் மனைத்தரகர், அல்லது அமெரிக்காவில் குடியேறிய மகன் என்று குற்றவாளியையும் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். எனக்கு இந்தக் கண்ணீரின் மேல் நம்பிக்கை போய்விட்டது. என் கண்ணில் பட்டவரை, கடப்பாரை கொன்ற வீடுகளைக் காட்டிலும் பாசத்தோடு ‘பழுதுபார்த்து’க் கொன்ற வீடுகளே மிகுதி. அந்தக் கொலையாளிகளில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சற்று உரத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் என் பாட்டனார் கட்டிய வீடு எங்களுக்கு வந்தது. செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே நாட்டு ஓடு. ரேழிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. பொறியாளர் ஒருவரை அழைத்தேன். இடுப்பளவுக்குக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர் புகாத ரசாயனம் கலந்த சிமெண்டைப் பூசச் சொன்னார். பூசினோம். அதன்மேல் பளபளக்கும் பெயிண்டும் அடித்தோம். அந்த உற்சாகத்தில் கொல்லைப்புறத்திலும் சுவரை ஒட்டிக் கிணற்றடி வரை சிமெண்டுத் தளம் போட்டு, இனி சேறு மிதிக்க வேண்டாம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். இரண்டே அடைமழைக்காலங்கள். ஓதம் சிமெண்டுப் பூச்சைத் தாண்டித் தோளுயரத்தில் உப்புப் பூத்து நின்றது. பூச்சுக்குப் பின்னால் விரலால் தட்டினால் வெற்றொலி. செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்துத் தெருவிலிருந்து வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துவந்தேன். சுவரைத் தடவிப் பார்த்தார், கொல்லைத் தளத்தைப் போய்ப் பார்த்தார், பிறகு ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “தண்ணி வர்ற வழிய அடைக்காம, போற வழிய அடைச்சிட்டீங்களே தம்பி.”

என் எதிர்வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் ஏதும் கிடையாது. நிலத்தின் நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைக் காற்றுக்கு விட்டுவிடும். உப்பு தங்கினால் காரையில்தான் பெரும்பாலும் தங்கும், காரை உதிரும், செங்கல் பிழைக்கும். அதாவது காரை தேய்வதற்காகவே பூசப்படுவது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தால் சுவர் நிற்கும். சிமெண்டோ செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. அடைபட்ட நீர் மேலே ஏறுகிறது, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிப் பருத்து அதைப் பிளக்கிறது. நாமோ உதிராத பூச்சைப் பார்த்து வீடு காப்பாற்றப்பட்டது என்று நம்புகிறோம்.

நான் சிமெண்டின் பகைவன் அல்லன். செட்டிநாட்டின் பெருமையாக நாம் கொண்டாடும் ஆத்தங்குடிக் கற்களே கண்ணாடிமேல் வார்த்துச் செய்யும் சிமெண்டுக் கற்கள்தாம். ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதை மனித குலத்தின் வீழ்ச்சியாக நான் கருதவும் இல்லை. என் வழக்கு வேறு. ஒரு வீடு எதனால் ஆனது, அது எப்படி நிற்கிறது என்று அறியாமலேயே அதை நேசிக்க முடியும் என்று நாம் நினைக்கிறோமே, அந்த நினைப்பின் மீதுதான் என் வழக்கு.

நம்மவர் மேற்கோள் காட்டிக் களைத்த தோரோவையே எடுத்துக்கொள்வோம். 1845இல் வால்டன் குளக்கரையில் அவர் எழுப்பிய குடிலின் கணக்கு 28 டாலர் 12½ சென்ட். அதில் இரண்டு பீப்பாய்ச் சுண்ணாம்புக்கு 2 டாலர் 40 சென்ட். குளிர்காலம் நெருங்கியதும் எதிர்க்கரையிலிருந்து வெண்மணலைப் படகில் கொண்டுவந்து தாமே சுவர் பூசினார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஆற்றுச் சிப்பிகளைச் சுட்டுக் கொஞ்சம் சுண்ணாம்பும் செய்து பார்த்திருக்கிறார், எது எங்கிருந்து வருகிறது என்று அறிவதற்காக. கிளிஞ்சல் சுட்ட காளவாய்கள் நம் கடலோர ஊர்களிலும் இருந்தன. நம்மில் எத்தனை பேர் அதன் அருகே போய் நின்றிருக்கிறோம்? தோரோவின் தனிமையை நூறு கட்டுரைகளில் எழுதிவிட்டோம். அவருடைய கரணையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ரஸ்கினும் இங்கே நினைவுக்கு வருகிறார். பழங்கட்டடங்களைப் ‘புதுப்பித்தல்’ என்ற பெயரில் நடப்பது அழிவே என்று 1849இல் அவர் வாதிட்டார். அந்த வழியில் வந்த வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவர்களின் நிலைப்பாடு எளியது: பெரிய புதுப்பிப்பு வேண்டாம், சிறிய பராமரிப்பு தொடர்ந்து நடக்கட்டும். சாயத்தொட்டியில் கைவிட்டு நீலமேறிய விரல்களோடு திரிந்த கவிஞர் அதைச் சொன்னபோது அதற்கு ஓர் எடை இருந்தது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொத்தனாரும் நானும் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். முதல் வேலை சுவரில் அன்று, கொல்லையில். சுவரை ஒட்டியிருந்த தளத்தை இரண்டடி அகலத்துக்குப் பெயர்த்து மண்ணைத் திறந்தோம். ஓட்டிலிருந்து கொட்டும் நீர் சுவரடியில் தெறிக்காதபடி தகரத் தூம்பு கட்டிக் கிணற்றுப் பக்கம் திருப்பினோம். குளியலறை நீர் போகும் வாய்க்காலில் கல்வாழையும் வாழையும் நட்டோம். சுவர் ஒரு கோடை முழுக்கக் காய்ந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீரில் இட்டு நீற்றி (கல்லை நீரில் இட வேண்டும், நீரைக் கல்மேல் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும்) சல்லடையில் வடித்து, நீர் மூடியபடி வாரக்கணக்கில் ஊறவைத்தோம். பிறகு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல், கொஞ்சம் செங்கற்பொடி, கடுக்காய் ஊறிய நீர். சுவரை நனைத்து மெல்லிய அடுக்குகளாகப் பூசி, வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டினோம். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகும் பொருள் அது. அதற்கு அவசரம் தெரியாது.

நண்பர்களின் மறுப்புகளை முன்கூட்டியே அறிவேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மை. நாம் கேட்காததால் அவர்களுடைய பிள்ளைகள் கற்கவில்லை. செலவும் காலமும் கூடுதல் என்பார்கள். காலம் கூடுதல்தான், ஆனால் இரண்டு முறை சிமெண்டு பூசிய பணத்தை நான் கணக்கில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நாமே செய்ய முடியுமா என்பார்கள். முடியாது. உத்தரம் இற்றுப்போனாலும் மின்கம்பி பழுதானாலும் தேர்ந்தவர்தான் கை வைக்க வேண்டும். ஆனால் ஓடு மாற்றுவதும், தூம்பில் அடைத்த சருகை அள்ளுவதும், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவதும் யாருடைய வேலை?

இந்தக் கேள்வியில்தான் நம் வலி இருக்கிறது. கரணை பிடிப்பது நமக்குரிய வேலையன்று என்று நமக்குள் யாரோ தலைமுறைகளாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நாம் எழுதும் அதே வீட்டின் கொல்லைக் கதவு, வாசல் வழியே வர அனுமதிக்கப்படாத மனிதர் எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வந்துபோன வழி. அதைப் பற்றி நம் சொற்பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. சுவரைக் காக்க வேண்டும் என்று சொல்லும் நான் அந்த வழக்கத்தைக் காக்கச் சொல்லவில்லை. மாறாக, அந்த வழக்கத்தின் மிச்சம்தான் சுவரையும் கொல்கிறது என்கிறேன். கை அழுக்காகாத நேசம் ஒப்பந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையைப் பற்றிக் கவிதை எழுதப் போய்விடுகிறது. என்னோடு வேலை செய்த கொத்தனாரிடம் முதல் வாரத்திலேயே கூலி பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். கலவை குழைத்துத் தோள் வலித்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

தோட்டத்துக்கும் இதே கதைதான். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது 2003இல். அதன் பிறகும் முற்றத்தையும் கொல்லையையும் சிமெண்டால் மூடி, ஓரத்தில் பெயருக்கு ஒரு குழாயை இறக்கிவிட்டு விதியை நிறைவேற்றினோம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது, 2019 கோடையில் அதே சென்னை குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றது. மண்ணைத் திறந்து வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஏரிகளை விழுங்கிய பாவம் தனி. ஆனால் நம் வீட்டு வேலிக்குள் இருக்கும் மண்ணை மூடியது அரசாங்கம் இல்லையே.

ரேழிச் சுவரில் இப்போதும் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மெல்லிய ஈரக்கோடு தெரிகிறது. முழுவதும் போகாது என்று கொத்தனார் அன்றே சொல்லிவிட்டார். மூன்று நான்கு ஆண்டுகளில் அந்த ஒரு சாணை மட்டும் நான் மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பிடிச் சுவர் வரை ஏறிப் பாருங்கள். காக்கை எச்சத்தில் விழுந்த அரசங்கன்று ஒன்று எங்காவது இரண்டிலை விட்டிருக்கும். இலையைக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, அந்தத் துளையில் விரலால் சுண்ணாம்பை வைத்து அடையுங்கள். அதன் பிறகு கீழே இறங்கி வந்து திண்ணையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். நான் படிக்கிறேன்.