நிலம் அதிருமுன் பாலிசியைப் படிப்போம்

வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வீண் பேச்சன்று. பென்னலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என நீளும் இந்தத் தொழிற்பகுதியில், ஆலை வேலையை நம்பி வந்து, இருபது ஆண்டுத் தவணைக்கு வங்கிக் கடன் பெற்று, ஒரு சிறு வீட்டையோ அடுக்குமாடியில் ஓர் இல்லத்தையோ தமதாக்கிக்கொண்ட குடும்பங்கள் பல. அவர்களிடம், “உங்கள் வீட்டிற்குக் காப்பீடு உண்டா?” என வினவினால், “வங்கியிலேயே இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டார்களே!” என்ற விடை வரும். “அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?” என்று அடுத்துக் கேட்டாலோ, மௌனமே பதிலாகும். அந்த மௌனத்தைப் பற்றியே இம்மாதம் சிந்திக்க விழைகிறோம்.

“நம் பகுதியில் நிலநடுக்கம் ஏது?” எனச் சிலர் கேட்கலாம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் தோன்றிய, ரிக்டர் அளவில் சுமார் 5.5 எனக் கணிக்கப்பட்ட அதிர்ச்சி சென்னை வரை உணரப்பட்டது. மக்கள் வீடுகளை விட்டு வீதிக்கு ஓடி வந்தனர். அதுவரை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்து எண்ணப்பட்ட சென்னை, 2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது. அஞ்சி நடுங்குவதற்காக இதனைச் சொல்லவில்லை, ஆயத்தமாயிருப்பதற்காகவே சொல்கிறோம்.

அதே 2001-ஆம் ஆண்டின் குடியரசு நாளன்று, காலை 8.46 மணிக்கு, குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். தொலைவிலிருந்த அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிகள் சரிந்து விழுந்தன. அந்நாளில் நம் நாட்டில் வழங்கிய தீக் காப்பீட்டுப் பாலிசியில் நிலநடுக்கம் தானாகச் சேராது. தனியே கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, கையில் பாலிசி இருந்தும், அந்த ஒரு வரி அதில் இல்லாதவர் நிலநடுக்க இழப்புக்கு அதனைக் கொண்டு எதுவும் கேட்க இயலாது. இழப்பின் பின் எழும் வழக்கு, பெரும்பாலும் கையெழுத்திட்ட நாளிலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அயல்நாட்டு வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1906 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் நிலம் நடுங்கியது. அதைத் தொடர்ந்து மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. மக்களிடம் இருந்தது தீக் காப்பீடு. நிலநடுக்கத்திற்குக் காப்பீடு இல்லை. வீட்டை அழித்தது அதிர்ச்சியா, தீயா என்பதே பெரும் வழக்காயிற்று. சில நிறுவனங்கள் முழுத் தொகையையும் வழங்கின, சில பேரம் பேசிக் குறைத்தன, சில கைவிரித்தன. மறுபுறம், சரிந்த தம் வீட்டிற்குத் தாமே தீயிட்டுக்கொண்டோரும் உண்டு என அக்காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். வாக்குத் தந்தவன் வாக்கை மறுப்பதும், வாக்குப் பெற்றவன் பொய் உரைப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள் அல்லவா?

நியூசிலாந்தில் 1945 முதலே அரசின் நிலநடுக்கக் காப்பீட்டு ஏற்பாடு உண்டு. அங்கும், 2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் கிறைஸ்ட்சர்ச் பகுதி அதிர்ந்த பின், எந்த விரிசல் எந்த அதிர்ச்சியால் வந்தது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தீராதிருந்த வழக்குகளுக்காக 2019-இல் தனித் தீர்ப்பாயமே அமைக்க நேர்ந்தது.

நம் நாட்டின் இன்றைய நிலை என்ன? 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. அதன் வழக்கமான வடிவில் தீ, வெள்ளம், புயல் ஆகியவற்றோடு நிலநடுக்கமும் அடங்கும். வீட்டுப் பொருட்களுக்கும், கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகப்படியாக 10 லட்சம் ரூபாய்க்கு, தாமாகவே காப்பு உண்டு. நகைகளுக்குத் தனியே கேட்டுப் பெற வேண்டும். காப்பீடு செய்யப்படுவது கட்டும் செலவே, மனையின் விலையன்று. வாடகைக்குக் குடியிருப்போரும் தம் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

ஆயினும், வங்கி ‘பிடித்துக்கொண்ட’ இன்ஷூரன்ஸ் இதுதானா என்று பாருங்கள். கடன் பெற்றவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாகவும் அது இருக்கக் கூடும். அவ்வாறாயின், சுவர் இடிந்தால் அதிலிருந்து ஒரு செங்கல்லுக்கும் பணம் வராது.

பட்டறை வைத்திருப்போர்க்கு ஒரு சொல். இயந்திரமும் கட்டடமும் 20 லட்சம் பெறுமானால், 10 லட்சத்திற்கே காப்பீடு செய்து பிரீமியத்தை மிச்சம் பிடித்தவர்க்கு, 4 லட்சம் இழப்பு நேர்ந்தால் பழைய ‘சராசரி’ விதிப்படி 2 லட்சமே கிட்டும். வீட்டுப் பாலிசியில் இவ்விதி இப்போது நீக்கப்பட்டுள்ளது. சிறு தொழில்களுக்கான பாலிசியிலோ 15 விழுக்காடு வரையிலான குறைவு மட்டுமே மன்னிக்கப்படுகிறது. வீட்டின் முன்பகுதியில் லேத் பட்டறை நடத்திக்கொண்டே, முழுவதும் குடியிருப்பு என எழுதிக் கொடுப்பது பின்னாளில் வழக்கைத் தோற்கடிக்கும் செயலாகும். காப்பீட்டுச் சட்டம் இரு தரப்பாரிடமும் முழுமையான நன்னம்பிக்கையை எதிர்பார்க்கிறது. பழைய விரிசலை நிலநடுக்கத்தின் கணக்கில் எழுதுவதும் திருட்டே என்பதை நம் குடும்பங்களுக்கு நாம் நினைவூட்டத்தான் வேண்டும்.

நன்னம்பிக்கை நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். யுனைட்டெட் இந்தியா நிறுவனத்திற்கும் புஷ்பாலயா பிரிண்டர்ஸ் என்ற அச்சகத்திற்கும் இடையிலான வழக்கில், அருகே ஓடிய புல்டோசரின் அதிர்வால் கட்டடமும் இயந்திரமும் பழுதுபட்டன. வண்டி நேரே மோதவில்லையே என்றது நிறுவனம். பாலிசியின் சொல் இரு பொருள் படுமாயின், பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்வேயரின் அறிக்கை முக்கியமானதேயாயினும் முடிந்த முடிவன்று என்று 2009-இல் அது கூறியது. அடித்தளத்திலுள்ள கடை என்று அறிந்தே பிரீமியம் வாங்கிவிட்டு, அடித்தளத்திற்குக் காப்பு இல்லை என மறுத்த நிறுவனத்தின் வாதத்தை 2022-இல் ஏற்க மறுத்தது.

எனவே, இழப்பு நேர்ந்தால் மனம் தளர வேண்டா. உடனே நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இடிபாடுகளை அகற்றுமுன் புகைப்படம் எடுங்கள். 2024-இல் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தபடி, 24 மணி நேரத்தில் சர்வேயர் அமர்த்தப்பட வேண்டும். 15 நாளில் அறிக்கை பெறப்பட வேண்டும். அதன் பின் 7 நாளில் முடிவு சொல்லப்பட வேண்டும். மறுப்பை எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். ‘முழுத் தீர்வு’ என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டா. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டும் ஒரு மாதத்தில் நியாயம் கிட்டாவிடில், ‘ஓம்புட்ஸ்மன்’ எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் சென்னை அலுவலகத்தை ஓராண்டுக்குள் நாடலாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் இரண்டாண்டு வரை திறந்திருக்கும்.

இவை யாவற்றிற்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். பெட்டியின் அடியில் கிடக்கும் பாலிசியை எடுத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து, பிள்ளைகளுள் படித்தவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நிலநடுக்கம் என்ற சொல் அதில் உள்ளதா? தொகை சரியா? எந்தத் தேதி வரை? வீட்டைப் பற்றி எழுதியிருப்பது உண்மையா? புரியாத வரியைக் கோடிட்டு ஏஜெண்டிடம் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். சுவர்களும் கதவுகளும் நல்ல நிலையில் இருக்கும் இன்றே அவற்றைப் படம் பிடித்து, அப்படங்களையும் பாலிசியின் நகலையும் வீட்டிற்கு வெளியே, நம்பகமான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வீடே இடிந்தாலும் சான்று இடியாதிருக்க வேண்டுமன்றோ!