பி.யூ.சி. விஞ்ஞானப் பிரிவும் ஏழை மாணவரும்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளியானதும் பெங்களூரில் தொழிலாளர், குமாஸ்தா வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? டாக்டர் படிப்புக்கும் என்ஜினீயரிங் படிப்புக்கும் வழி, இரண்டாண்டு பி.யூ.சி. விஞ்ஞானப் பிரிவுதான்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான் இலவசக் கல்விக்கு உறுதி தருகிறது. செலவு கூடும் கட்டத்தில் சட்டத்தின் துணை நின்றுவிடுகிறது. அரசு பி.யூ. கல்லூரிகளில் கட்டணம் குறைவு என்பது உண்மையே. ஆனால் தடை கட்டணம் மட்டுமல்ல. என்ஜினீயரிங் தரவரிசையில் பி.யூ.சி. மதிப்பெண் பாதி, சி.இ.டி. மதிப்பெண் பாதி. மருத்துவத்துக்கு நீட் தேர்வு. இவற்றுக்குத் தனிப் பயிற்சி பெறப் பணம் வேண்டும். 2020 ஏப்ரலில் கர்நாடக அரசு இணையத்தில் இலவசப் பயிற்சி தொடங்கியது. ஒரே கைபேசியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அதனால் முழுப் பயன் கிட்டாது.

தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றனர். ஆனால் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அது உதவாது.

இங்கும் ஒரு சலுகை உண்டு. முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கன்னட வழியில் படித்தவர்களுக்கு அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 5 சதவீதம் தனியே உள்ளது. கன்னடப் பள்ளிகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும், மற்றத் தகுதிகள் இருந்தால், இதைக் கோரலாம். தலைமையாசிரியர் தரும் சான்றிதழில் வட்டாரக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் தேவை. பெற்றோர் இதைக் காலத்தில் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆயினும் ஒதுக்கீடு கடைசிப் படிதான். பத்தாவது வரை கன்னடத்திலோ தமிழிலோ கணக்குப் படித்தவர், பி.யூ.சி.யில் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு திணறுகிறார். அரசுக் கல்லூரிகளிலேயே மாலை வகுப்பும் ஆங்கிலப் பயிற்சியும் நடந்தால்தான் இந்த இடைவெளி அடையும்.

1873இல் ஆற்காடு நாராயணசாமி முதலியார் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தார். இன்று நகரில் பள்ளிகளுக்குக் குறைவில்லை. பி.யூ.சி. மாணவருக்கு மாலையில் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித் தருவோர்தான் தேவை. அரசு முன்வரட்டும், தமிழ்ச் சங்கங்களும் இதில் கை கொடுக்கலாம்.