கொட்டான் ஏன் திரும்பி வந்தது?

நெற்குப்பையில் பனை ஓலைக் கொட்டான் பின்னும் அக்கா ஒருவர், தனக்கு வந்த முதல் ஆன்லைன் ஆர்டரை ஆசையாக அனுப்பினார். பத்தே நாளில் பார்சல் திரும்பி வந்துவிட்டது. "பழக்கூடை அளவுக்கு இருக்கும்னு நினைச்சேன்" என்று வாங்கியவர் காரணம் சொல்லியிருந்தார். போக, வர கொரியர் செலவு அக்கா தலையில்!

அவர் போட்டிருந்த விவரம் இதுதான்: 'அழகான, பாரம்பரியமான, தரமான செட்டிநாட்டுக் கொட்டான்.'

எல்லாம் சரி, அளவு எங்கே?

கடையில் என்றால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவோம். ஆன்லைனில் அந்த வேலையை எழுத்துதான் செய்ய வேண்டும். உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: 'கையால் பின்னிய பனை ஓலைக் கொட்டான். உயரம் 12 செ.மீ., வாய் அகலம் 15 செ.மீ. ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு வைக்கலாம். கல்யாணத் தாம்பூலத்துக்கு ஏற்றது. தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்.'

நீங்களும் விற்கிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்.

* முதல் இரண்டு வரி: போனில் பலர் அதற்கு மேல் படிப்பதில்லை. என்ன பொருள், என்ன அளவு, எதற்கு உதவும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

* புகழ்ச்சிக்குப் பதில் தகவல்: 'சூப்பர் சேலை' என்றால் எதுவும் புரியாது. 'பருத்தி, கட்டம் போட்டது, அகலக் கரை, 5.5 மீட்டர், ஜாக்கெட் துணி இல்லை' என்றால் புரியும்.

* பெயரில் நேர்மை: காரைக்குடி கண்டாங்கிச் சேலை 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை வேறு ஊர்த் துணிக்கு ஒட்டாதீர்கள்.

* பலகாரம் என்றால்: நிகர எடை, விலை, சேர்மானம், என்ன எண்ணெய், எத்தனை நாள் தாங்கும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் வேண்டும்.

* குறையை மறைக்காதீர்கள்: கையால் செய்வதால் நிறமோ அளவோ சற்று மாறும் என்றால் முன்பே சொல்லுங்கள். சொன்ன விவரத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி திருப்பி வாங்க மறுக்க முடியாது.

மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி ஊர்களைப் பற்றி எழுதிய சோமலெ, இதே நெற்குப்பைக்காரர். போகாத ஊரையும் படிப்பவருக்குத் தெரியவைத்தவர். நாம் செய்ய வேண்டியதும் அதுதான், ஒரு கொட்டானுக்கு!

எழுதி முடித்ததும் ஒரு சின்னச் சோதனை. பொருளைப் பார்க்காத ஒருவரிடம் விவரத்தைப் படித்துக் காட்டி, "எவ்வளவு பெரிசு இருக்கும்? கையால் காட்டுங்க" என்று கேளுங்கள். சரியாகக் காட்டினால் தைரியமாகப் பதிவேற்றலாம்.