மணிச் சத்தத்துக்கு ஓடிய குதிரைகள்



ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைப் பிறப்பு. தீயணைப்பு வீரர்களுக்கு அது அஞ்சலி நாள். 1944-இல் அந்தத் தேதியில்தான் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. பம்பாய்த் தீயணைப்புப் படையின் பழைய கதையைத் தேடிப் படிக்கப் போய், குதிரைகளிடம் வந்து நின்றுவிட்டேன். இந்த மாதப் பக்கம் அவற்றுக்குத்தான்.

1803-இல் பம்பாய்க் கோட்டைப் பகுதியைப் பெருந்தீ சூறையாடியது. அங்கே மாநகராட்சியின் கையில் முறையான தீயணைப்புப் படை அமைந்தது 1887-இல். அன்றைய வண்டிகளை இழுத்தவை குதிரைகளே. 1890-இல் லண்டன் படையிலிருந்து நிக்கல்ஸ் என்பவர் தலைவராக வந்தார். முதல் மோட்டார் வண்டி 1907-இல் வந்தது. சென்னைக்குத் தனிப் படை கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டு.

குதிரை வண்டி என்றதும் மெதுவாக ஊர்ந்து போனதாக எண்ணிவிட வேண்டாம். பெரிய நகரங்களின் நிலையங்களில் குதிரைக் கொட்டடி நீராவித் தீயணைப்பு எந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். மணி அடித்தால் கொட்டடிக் கதவு திறக்கும். குதிரைகள் யாரும் பிடிக்காமலே வந்து தத்தம் இடத்தில் நிற்கும். சேணம் கூரையிலிருந்து தயாராகத் தொங்கும். இறக்கி, கழுத்துப்பட்டையைப் பூட்டினால் புறப்பாடு. எந்திரத்தின் கொதிகலனில் தண்ணீரை எப்போதும் சூடாகவே வைத்திருப்பார்கள். புறப்படும்போது அடுப்பைப் பற்றவைத்தால், போய்ச் சேர்வதற்குள் பம்பை ஓட்டும் அளவுக்கு நீராவி ஏறிவிடும். பல டன் எடையுள்ள அந்த இரும்பை இழுத்துக்கொண்டு, விலங்குகள் பொதுவாக அஞ்சி விலகும் நெருப்பை நோக்கியே அவை பாய்ந்து ஓடின. வெப்பமும் புகையும் இரைச்சலும் சூழ, அங்கே நின்று காத்திருக்கவும் பழகியிருந்தன. அந்தப் பழக்கத்தை ஊட்டிய மனிதர்களின் பொறுமையையும் நினைத்துப் பார்க்கிறேன்.

குதிரைகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் கண்டது. 1872 இலையுதிர்காலத்தில் அந்த நாடெங்கும் குதிரைகளுக்கு ஒருவகைக் காய்ச்சல் பரவியிருந்தது. நவம்பர் 9 மாலை நகரின் வணிகப் பகுதியில் தீப்பிடித்தபோது, எந்திரங்களை மனிதர்களே கயிறு கட்டி இழுத்து ஓடினார்கள். 776 கட்டடங்கள் சாம்பலாயின. குதிரை இல்லாததால் போனவை சில நிமிடங்களே என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. தண்ணீர்க் குழாய்களில் அழுத்தம் போதாததும் மரக் கூரைகளும் பெரிய காரணங்கள். ஆனாலும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்த அந்த மனிதர்களை என்னால் மறக்க முடியவில்லை.

நியூயார்க்கின் கடைசிக் குதிரை வண்டி 1922 டிசம்பரில் ஓடி முடித்தது. ஓய்வு பெற்றுச் சரக்கு வண்டி இழுத்த குதிரைகள், தீ மணி கேட்டதும் வண்டியோடு ஓட்டம் பிடித்த கதைகளை அமெரிக்க ஊர்கள் பலவற்றில் இன்றும் சொல்கிறார்கள். நான் அவற்றை நம்பவே விரும்புகிறேன்.

தீயின் கதை நமக்கும் தூரமில்லை. நம் அந்தமான் தீவுகளின் குடியிருப்புகள் மரத்தால் எழும்பியவை. சாத்தம் மர அறுவை ஆலை 1883-இலேயே வந்துவிட்டது. பழைய வீடுகள் பலவும் பலகைச் சுவர் கொண்டவைதான். மழை நின்று காற்று காய்ந்து கிடக்கும் இந்த மாதங்களில் சௌல்தாரியில் ஒரு வீடு பற்றிக்கொண்டால், 101-ஐ அழைத்த பிறகும் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ வண்டி வந்து சேரும்வரை அக்கம்பக்கத்தார்தான் படை.

வண்டியே வராத காலத்தில் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளி கைமாற்றித் தீயணைத்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்